அலமேலு எண்ணிய பதினேழு

விடைபெறும் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லி முடித்த பிறகு, "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்று நானே வாயைக் கொடுத்தேன். பின் வரிசையிலிருந்து நிவேதா எழுந்தாள். எங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பெண். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நழுவுவது முடிவானதும் என் ப்ரோகிராம்கள் எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தன.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க ப்ரோகிராம எல்லாம் புதுசுக்கு மாத்திக்கினு இருக்கேன். எதத் தொறந்தாலும் நடுநடுவுல 'அலமேலு'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க. எண்ணிப் பாத்தேன், முந்நூத்திச் சொச்சம் வருது. யாரு சார் அலமேலு?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. முன் வரிசையில் என் மனைவி சரோஜாவும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது.

"அது பெரிய கதைம்மா" என்று மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போது சரோஜா ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரிய கதைன்னா, எவ்ளோ பெருசு?"

அன்றைக்கு வீட்டில் உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், "இத எழுதி அந்தப் பொண்ணுக்கு அனுப்புங்க. இல்லன்னா அது வேற மாதிரி நெனச்சிக்கினு இருக்கும்" என்றாள். ஆக இது ஒரு கணவன் தன் மனைவியின் உத்தரவின்பேரில் எழுதும் வாக்குமூலம்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. களமருதூர்ப் பக்கம் நெல் போடும் குடும்பம். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஊரில் சும்மா சுற்றியவனைச் சென்னையில் மூன்று மாதக் கணினிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முக்கியமான பாடங்களை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தார்கள். நான் எல்லா முக்கியமான பாடங்களிலும் தூங்கினேன். அதில் ஒரு பாடத்தின் ஒரே ஒரு வாக்கியம் மட்டும், தூக்கத்தில் காதில் விழுந்த மணியோசை மாதிரி, மண்டையின் ஏதோ மூலையில் தங்கிவிட்டது. அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அதற்கு வருகிறேன்.

வேலை கிடைத்தது கள்ளக்குறிச்சியில். கல்வராயன் மலையில் இருக்கும் மக்களுக்கான நலத்திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய அலுவலகம். ஒரு வாடகை வீட்டின் மாடி. பத்துப் பேர் வேலை செய்தார்கள். பதினோராவதாக அந்தக் கணினி. அதற்கென்று ஒரு தனி அறை, தனி ஏ.சி. அந்தத் தெருவிலேயே வேறு ஏ.சி. கிடையாது. அதனால் 'கம்ப்யூட்டர் பாக்க வந்தேன்' என்று சொல்லிக்கொண்டு வெயில் காலத்தில் வராத ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். மூலையில் பெரிய பெட்டி, மேசைமேல் திரையும் விசைப்பலகையும், பக்கத்தில் ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டர் அச்சடித்தால் கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழும்.

இவற்றுக்கெல்லாம் மேல், எனக்கும் மேல், கண்காணிப்பாளர் தணிகாசலம் சார்.

திருக்கோவிலூர்க்காரர். ஒல்லி. முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்து, அந்த மடிப்புக்குள் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை; வேகமாகப் பேசியும் கேட்டதில்லை. அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது: நகல். எந்தத் தாளும் நகல் இல்லாமல் அலுவலகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. விடுப்புக் கடிதம் கொடுத்தால், "நகல் எங்க?" என்பார். கார்பன் தாளைப் பழசான பிறகும் தூக்கி எறிய விடமாட்டார். அதை வெளிச்சத்தில் பிடித்து, மூன்று மாதத்துக்கு முன் எழுதிய கடிதத்தை அதிலிருந்தே வாசித்துக் காட்டுவார். வீட்டுக்கு மளிகை வாங்கும் சீட்டுக்கும் நகல் வைத்திருந்தார் என்று பேச்சு. நான் அதை நம்புகிறேன்.

ஏதாவது காணாமல் போனாலோ கெட்டுப் போனாலோ அவர் கேட்பது இரண்டே கேள்வி. "நேத்து இருந்துச்சா?" "இன்னைக்கி இன்னா மாறிச்சி?" எப்பேர்ப்பட்ட சிக்கலுக்கும் இவ்வளவுதான். இடையில் நாம் என்ன புலம்பினாலும், மழைக்கு ஒதுங்கி நிற்பவர் மாதிரி அது நிற்கும்வரை பொறுமையாக இருப்பார்.

அந்த ஆண்டு மலைப் பெண்களுக்குக் கிராம செவிலியர் பயிற்சியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பித்த நாற்பத்தொரு பேரின் விவரத்தையும் நான் கணினியில் ஏற்றிவிட்டேன். கடைசிச் சரிபார்ப்புக்கு ஒரு ப்ரோகிராமும் எழுதினேன். அது ஒவ்வொரு பெயராகத் தானே எடுத்து, ஆளுக்கு நாலு கேள்வி கேட்கும். சாதிச் சான்றிதழ் இருக்கிறதா? வயது வரம்புக்குள்ளா? பத்தாவது தேறியவரா? பட்டியலில் சேர்க்கலாமா? ஆமாம் என்றால் 'ஒய்' அழுத்தி என்டர் தட்ட வேண்டும். எதையும் அழுத்தாமல் வெறும் என்டர் தட்டினால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். அது என் சொந்த யோசனை. அரசாங்க அலுவலகத்தில் பதில் வராத கேள்விக்கு என்ன பொருளோ, அதையே கணினிக்கும் வைத்தேன். அப்போது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. முடிக்க வேண்டுமானால், ஓர் ஆளின் முதல் கேள்விக்கு 'க்யூ' என்று அடிக்க வேண்டும். வேறு எங்கே அடித்தாலும் அதுவும் 'இல்லை'தான்.

ப்ரோகிராமைத் தணிகாசலம் சாருக்குப் போட்டுக் காட்டினேன். கேள்விகள் திரையில் ஒவ்வொன்றாய் வந்தன. முழுவதையும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்யா கீது" என்றார். அவர் வாயில் அது பத்மபூஷண். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நகல் எங்க?"

"கடைசியா பட்டியல் பிரிண்ட் வரும் சார்."

"அது பட்டியல். கேள்வி கேட்டதுக்கும் பதில் சொன்னதுக்கும்? யார விலக்குனோம், ஏன் விலக்குனோம்னு நாளைக்கி ஒருத்தன் கேட்டா ஸ்கிரீனையா கழட்டிக் காட்டுவ? அதுல வர்றது அத்தனையும் தாள்லயும் வரணும். அப்புறம், ஒரு தரம் எழுதுன முடிவ யாரும் தொட்டுத் திருத்தக் கூடாது. திருத்தணும்னா அந்த நகல்ல நான் கையெழுத்துப் போடணும்."

சரி என்று, திரைக்குப் போவதை இன்னொரு சின்ன ப்ரோகிராமின் வழியாகத் திருப்பிவிட்டேன். இது பேசுவதை அது வாங்கிக்கொண்டு, திரைக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கும். ஒரே வரி வேலை. ஒரே வரிதானே என்று மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. இதைப் படிக்கும் நிவேதா இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த ஆண்டுகள் அவை. எங்கள் பக்கம் திடீர் திடீரென்று சாலை மறியல் நடக்கும். சாலையோரப் புளிய மரங்கள் வெட்டுப்பட்டு நடுரோட்டில் கிடக்கும். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. அன்றைக்கு எங்கள் நிலைமையை மட்டும் சொல்கிறேன். பட்டியல் மாவட்டத் தலைநகர் கடலூருக்குப் போய்ச் சேர அதுதான் கடைசி நாள். முந்தின நாளிலிருந்து ஒரு பேருந்தும் ஓடவில்லை. தபால் போகாது. மறியல்காரர்கள் ஆஸ்பத்திரி வண்டியை மட்டும் விட்டார்கள். நாய்க்கடி மருந்து எடுத்துவர அது மூன்று மணிக்குக் கடலூர் கிளம்பும் என்று தணிகாசலம் சார் விசாரித்து வைத்திருந்தார். ஓட்டுநர் காதர் பாயிடம் பேசியும் வைத்திருந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் அலமேலு படியேறி வந்தாள்.

சேராப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவளுடைய சாதிச் சான்றிதழ் மட்டும் எங்களுக்கு வராமல் இருந்தது. அதில் கையெழுத்து முந்தின நாள்தான் ஆகியிருக்கிறது. பேருந்து இல்லை என்று தெரிந்ததும் மலையிலிருந்து நடந்தே இறங்கி, கச்சிராயபாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் மறுபடி நடந்து வந்திருக்கிறாள். சான்றிதழை உர மூட்டையின் பிளாஸ்டிக் உள்தாளில் சுற்றி, முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"வயசு இந்த வருசத்தோட முடியுதுங்கய்யா" என்றாள் தணிகாசலம் சாரிடம். "அடுத்த வருசம் எடுத்துக்க மாட்டாங்களாம்."

"தெரியும்மா. அதான் உனக்காக நிறுத்தி வெச்சிருக்கேன். உன் பேரு அஞ்சாவது. இப்பிடி உக்காரு. பேரு வந்ததும் சாருகிட்ட சான்றிதழக் காட்டு." அவரே ஒரு நாற்காலியை இழுத்து என் மேசைக்கு எதிரில் போட்டார். என்னைச் 'சாரு' என்று ஒருவரிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு விரிந்தது.

விரிந்த நெஞ்சோடு ப்ரோகிராமை ஓட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

கொஞ்சம் காத்திருந்தேன். அலமேலு என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். தூங்குகிறதோ என்று ஒரு என்டர் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொன்று. இன்னொன்று. ஏ.சி. அறையில் எனக்கு வேர்த்தது. பிறகு என் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யாராவது வந்து திறப்பார்கள் என்பது போலத் தட்டினேன். 'முருகா' என்றேன். மறுபடி தட்டினேன். திரையின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். அது புதுப்பெண் மாதிரி பளிச்சென்று வந்து, மறுபடி சும்மா நின்றது. அதற்கும் சில என்டர். கடைசியில் எழுந்து, மூலையில் இருந்த பெரிய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"இன்னா பண்ற கோதண்டம்?"

"செத்துப் போச்சு சார். அணைச்சிட்டுப் போட்டாதான் வரும்."

"நேத்து ஓடுச்சா?"

"ஓடுச்சு சார், நீங்கதான பாத்தீங்க..."

"இன்னைக்கி இன்னா மாறிச்சி?"

"ஒண்ணும் மாறல சார். கரண்ட்டு கம்மியா இருக்கும், இல்ல ஏ.சி. ஜாஸ்தியா..." புலம்பிக்கொண்டே போனேன். அவர் என் மணிக்கட்டை விடாமல், மழை நிற்கக் காத்திருந்தார். புலம்பல் தீர்ந்த இடத்தில் எனக்கே உறைத்தது. "நகல் சார். நீங்க கேட்ட நகல் மட்டுந்தான் புதுசு."

அப்போதுதான் மண்டையின் மூலையில் இருந்த அந்த மணி அடித்தது. பயிற்சியில், சாப்பாட்டுக்குப் பிறகு, பாதித் தூக்கத்தில் கேட்ட வாக்கியம்: ப்ரோகிராம் நேராகத் திரைக்குப் பேசினால் வரிக்கு வரி உடனே பேசும், இன்னொரு ப்ரோகிராமிடம் பேசினால் சேர்த்து வைத்துக்கொண்டு, நிறைந்த பிறகுதான் பேசும். சேர்த்து வைக்கும் அந்த இடத்துக்குப் பஃபர் என்று பேர்.

பெட்டி சாகவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கேள்விகள் எல்லாம் பஃபரில் நிற்கின்றன. நான் தட்டிய என்டர்கள் மட்டும் நேராக உள்ளே போயிருக்கின்றன. ஒவ்வொரு என்டரும் ஒரு 'இல்லை'.

"சார்" என்றேன். "நான் ஆளுங்கள விலக்கிக்கினு இருந்திருக்கேன் சார்."

முழுவதையும் சொன்னேன். அவர் மேசையில் இருந்த மரத்தட்டைப் பார்த்தார். வெளியே போகும் கடிதங்களை அதில் போட்டு வைப்போம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆளை அஞ்சலகத்துக்கு அனுப்ப மாட்டார்; தட்டு நிறைந்ததும்தான் ஆள் கிளம்புவான்.

"நம்ம தபால் தட்டு மாதிரி" என்றார்.

"ஆமா சார்."

"இப்ப நீ பிளக்கப் புடுங்கியிருந்தா?"

"தட்டோட எரிஞ்சிருக்கும் சார். யார யார விலக்குனேன்னு நகல்கூட வந்திருக்காது."

"ஒழுங்கா மூடுனா?"

"மிச்சம் இருக்கறத எல்லாம் கொட்டிட்டுத்தான் சார் மூடும். ஆனா ஓர் ஆளோட மொத கேள்வியிலதான் மூட முடியும். இப்ப எந்தக் கேள்வியில நிக்குதுன்னு தெரியல. எத்தன தட்டுனேன்னு தெரிஞ்சாதான்..."

"எத்தன?"

நாலால் வகுபடும் எண்ணாக இருந்தால் எனக்கு வசதி. "பதினாறு சார்" என்றேன்.

"பதினேழுங்க."

சொன்னது அலமேலு. நாற்காலி நுனியில், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்பிடிம்மா சொல்ற?" என்றார் தணிகாசலம் சார்.

"எண்ணுனேங்கய்யா. ஊர்ல சாம அளக்கறப்ப நாந்தான் எண்ணுவேன். எண்ணிக்க வுட்டுப்போனா மறுபடி கொட்டி அளக்கணும். அதனால எது நடந்தாலும் வாய் எண்ணிக்கினே இருக்கும்." விரலால் மேசையைத் தட்டிக் காட்டத் தொடங்கினாள். "லாபம், ரெண்டு, மூணு. இது மெதுவா. அப்புறம் சாரு தலையச் சொறிஞ்சாரு. அப்புறம் படபடன்னு அஞ்சு. 'முருகா'ன்னாரு. அப்புறம் நாலு. வெளக்க அணைச்சிப் போட்டாரு. கண்ணத் தொடச்சிக்கினாரு. அப்புறம் அஞ்சு."

ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது நெல்லோ சாமையோ அளக்கிற எல்லோருக்கும் வழக்கம். எங்கள் களத்திலும் அப்படித்தான். ஆனால் என் பீதியை யாரும் இப்படி மரக்கால் போட்டு அளந்ததில்லை.

"கண்ணத் தொடைக்கல. வேர்வை" என்றேன்.

"நீ எண்ணுனியா கோதண்டம்?" என்றார் சார்.

"இல்ல சார். உத்தேசமா..."

"அந்தம்மா எண்ணுச்சி." என் பக்கம் திரும்பவே இல்லை. "சொல்லு, பதினாறுன்னா இன்னா, பதினேழுன்னா இன்னா?"

ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பதினாறு என்றால் முதல் நாலு பேர் போய்விட்டார்கள், அலமேலுவின் பெயரில் கேள்வி இன்னும் தொடங்கவில்லை, உடனே மூடிவிடலாம். பதினேழு என்றால் அலமேலுவின் முதல் கேள்விக்கும் நான் 'இல்லை' சொல்லியாயிற்று. சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லை. எந்தக் காகிதத்துக்காக வீங்கிய காலோடு நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாளோ, அது இல்லை என்று என் விரல் சொல்லிவிட்டது. மிச்சம் மூன்று கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' அடித்து, பிறகு மூட வேண்டும். பதினேழு சரியென்றால் மூன்றாவது 'ஒய்' கடைசிக் கேள்வியில் போய் உட்காரும். அவள் பட்டியலில் இருப்பாள். உண்மையில் பதினாறுதான் என்றால் அது ஓர் இடம் முன்னால் விழும், கடைசிக் கேள்விக்கு 'க்யூ' போகும், அவளும் விலக்கப்படுவாள், பெட்டியும் மூடாது.

"முடிஞ்சத அப்புறம் திருத்தலாமில்ல?"

"நகல் வந்தா திருத்தலாம் சார். ஒழுங்கா மூடுனாதான் நகல். எண்ணிக்கை தவறிச்சின்னா அப்புறம் எங்க நிக்கிறோம்னே தெரியாது. தட்டத் தட்ட இன்னும் ஆளுங்க போய்க்கினே இருப்பாங்க."

மணி ஒன்றரை. தணிகாசலம் சார் அந்தத் தாளை அலமேலுவின் பக்கம் நகர்த்தினார்.

"இந்தாம்மா. இது உன் பேரு. சாரு சொல்றது பதினாறு, நீ சொல்றது பதினேழு. உன் எண்ணிக்கய நம்பி அடிக்கச் சொல்றேன். தப்பாயிட்டா மொதல்ல போறது நீதான். யோசிச்சிச் சொல்லு."

அவள் யோசிக்கவில்லை. "பதினேழுதாங்கய்யா. சாரு விரலப் பாத்துக்கினேதான் இருந்தேன். வேற எதப் பாக்கறது? எம் பொழப்பே அதுலதான கீது."

உட்கார்ந்தேன். இருட்டில் கிணற்றுப்படி இறங்குவது போல் ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தினேன். ஒய், என்டர். "ஒண்ணு" என்றார் சார். ஒய், என்டர். "ரெண்டு." மூன்றாவதுக்கு என் விரல் விசைக்கு மேல் நின்றுவிட்டது. "குத்துங்க சாரு" என்றாள் அலமேலு. குத்தினேன். பிறகு க்யூ. என்டர்.

திரை சும்மா இருந்தது. அரை நிமிடமா, அரை நொடியா, தெரியாது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை; என் கல்யாண வரவேற்பு உட்பட.

பிறகு பிரிண்டர் கத்தத் தொடங்கியது. கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. திரை முழுக்கக் கேள்விகள் மடை திறந்தது போல் ஓடின. தணிகாசலம் சார் தாளைக் கிழிக்காமல், வந்துகொண்டிருந்தபடியே பிடித்து வாசித்தார். முதல் ஆள், இல்லை, இல்லை, இல்லை, இல்லை, விலக்கப்பட்டார். இரண்டாவது ஆள், விலக்கப்பட்டார். மூன்று. நாலு. அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு 'இல்லை'யும் என் பிடரியில் விழுந்தது.

"அஞ்சு. அலமேலு. சான்றிதழ் இல்லை." நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "வயது, ஆம். பத்தாவது, ஆம். பட்டியல்ல..." தாள் இன்னும் ஒரு வரி ஏறியது. "சேர்க்கப்பட்டார்."

அலமேலு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நானும் துடைத்தேன். என்னுடையது வேர்வை.

சார் சிவப்புப் பேனாவை எடுத்தார். நகலில் அந்தப் பதினேழு 'இல்லை'யையும் ஒவ்வொன்றாகச் சுழித்து, ஓரத்தில் 'தவறுதலாக' என்று எழுதி, பதினேழு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். 'யாருடைய தவறு' என்று எங்கும் எழுதவில்லை. அந்தத் தாளை வைத்து ஐந்து பேரையும் சரிசெய்தேன். இன்னும் முப்பத்தாறு பேர் பாக்கி.

"நகல எடுத்துடட்டுமா சார்? அது இல்லன்னா ஓடும்."

"நகல் இல்லன்னா இன்னைக்கி நீ இன்னா ஆயிருப்ப?" அவர் தபால் தட்டைக் காட்டினார். "தட்டு நெறையாத போதும் அவசரக் கடிதாசின்னா இன்னா பண்றோம்? செவப்பு மையில 'உடன்'னு எழுதி ஆள அனுப்பறோம். உன் பொட்டிக்கி 'உடன்' போட வழி இல்லையா?"

இருந்தது. பயிற்சி நோட்டைப் புரட்டினேன். தூங்கி வழிந்த கோணல் எழுத்தில் அந்தக் கட்டளை இருந்தது: சேர்த்து வைத்ததை இப்போதே வெளியே தள்ளு. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். சார் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இது உத்தரவா?"

"ஆமா சார்."

"உத்தரவு போட்டா பக்கத்துல காரணம் எழுதணும். நாளைக்கி உன் எடத்துக்கு வர்றவன் இது எதுக்குன்னு தூக்கிடுவான்."

காரணத்தை விளக்கமாக எழுத நேரம் இல்லை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் 'அலமேலு' என்று எழுதினேன்; பிறகு அந்தக் கட்டளையைப் போட்ட இடத்தில் எல்லாம் அதையே எழுதினேன். அவ்வளவுதான் சரோஜா.

கேள்விகள் ஒவ்வொன்றாய் வந்தன, திரையிலும் தாளிலும். முப்பத்தாறு பேரையும் முடித்தபோது கீழே ஹாரன் அடித்தது. காதர் பாய் பாதிப் படியேறி வந்து கத்தினார்: "சார், சீக்கிரம் குடுங்க. தியாகதுருகம் தாண்டி ஒரு புளியமரம் குறுக்கால கெடக்குதாம். வயக்காட்டுல எறங்கி ஏறணும்."

தணிகாசலம் சார் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'உடன்' என்று எழுதி, கையில் கொடுத்தார். வண்டி கிளம்பிப் போன பிறகு அலமேலு என்னிடம் வந்தாள்.

"சாரு, ஒண்ணு கேக்கட்டா? எம் பேரு அந்த வண்டியில போவுதா, இல்ல இன்னும் பொட்டிக்குள்ளயே நிக்குதா?"

இத்தனை வருட வேலையில் இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பெரிய கூட்டத்திலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் 'போவுது' என்று வாயால் சொல்லியிருப்பேன். தணிகாசலம் சார் சொல்லவில்லை. பட்டியலின் நகலை எடுத்து, அவள் பெயர் இருந்த வரியின் கீழ் நீலக் கோடு போட்டு, 'உண்மை நகல்' முத்திரை குத்தி அவள் கையில் கொடுத்தார். அலுவலகத் தாளை அவர் வெளியாளிடம் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் அதைச் சான்றிதழோடு சேர்த்து அந்த உள்தாளிலேயே சுற்றிக்கொண்டாள். அன்று ஊரில் தெரிந்த ஒரு வாத்தியாரம்மா வீட்டில் தங்கவைத்து, பேருந்து ஓடியதும் அனுப்பினோம்.

சில மாதம் கழித்து அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. 'ஐயாவுக்கு வணக்கம். என் பெயர் வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்தேன். இங்கே ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் சாரை எண்ணாமல் குத்த வேண்டாம் என்று சொல்லவும். அலமேலு.' தணிகாசலம் சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தன் கையாலேயே ஒரு நகல் எழுதி எனக்குக் கொடுத்தார். அசல் கோப்பில் போயிற்று. அந்த நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சரோஜாவிடம் காட்டிவிட்டேன்.

இவ்வளவையும் எழுதி நிவேதாவுக்கு அனுப்பினேன். அடுத்த நாளே பேசினாள். "சூப்பர் சார். ஆனா இப்ப எல்லாம் ஸ்கிரீனுக்குத் தானாவே உடனே வந்துடுது. அந்தக் கட்டளை வரியோட அலமேலுவ எல்லாம் எடுத்துடட்டா? கோடு சுத்தமாயிடும்."

ஓய்வு பெற்றவனுக்குப் பெருந்தன்மை சும்மா கிடைக்கிற பொருள். "எடுத்துடும்மா" என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். காலை பதினோரு மணி. சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், நிவேதா பேசறேன். ஒரு சின்னச் சந்தேகம். ஸ்கிரீன்ல வர்றது எல்லாத்துக்கும் பதிவு வேணும்னு ஆடிட்டுல கேட்டாங்க. அதனால அத இன்னொரு ப்ரோகிராம் வழியா வுட்டேன். இப்ப ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல சார். செத்துப்போன மாதிரி நிக்குது."

"என்டர் தட்டுனியா?"

"கொஞ்சம் சார்."

"கொஞ்சம்னா எத்தன?"

"எண்ணல சார். பன்னண்டு இருக்கும்? இல்ல, பதிமூணு? அணைச்சிட்டுப் போட்டுப் பாக்கட்டா?"

பன்னிரண்டா பதிமூன்றா என்று நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். சரோஜா கீரையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இந்தா பொண்ணே, மொதல்ல கைய எடு. பிளக்கப் புடுங்காத. பக்கத்துல யாராவது பாத்துக்கினு இருந்தாங்களா, அவங்களக் கேளு. அப்புறம் அந்த அலமேலுவ இருந்த எடத்துல திருப்பி வெய்யி."